சால்மன் எதை நம்பிக் கடிக்கிறது?

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கொலம்பியா ஆறு பசிபிக் பெருங்கடலில் சேரும் முகத்துவாரத்தின் தென்கரையில் அஸ்டோரியா, வடகரையில் இல்வாக்கோ என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. கோடை வந்துவிட்டால் அங்கே சால்மன் பேச்சுதான். அந்தப் பக்கத்துத் தூண்டில் கடைகளில் சுவர் நிறையப் போலி இரைகள் தொங்கும். ஒரே அச்சில் வார்த்த ஒரே உருவம்; நிறம் மட்டும் ஏகப்பட்டது. ஒவ்வொரு நிறச் சேர்க்கைக்கும் ஒரு பெயர் வேறு: ‘போலீஸ் கார்’, ‘ஆர்மி டிரக்’, ‘ஐரிஷ் க்ரீம்’. கடைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது, இந்த வாரம் எந்த நிறத்துக்கு மீன் விழுகிறது என்பதைத்தான். அந்த விசாரணை தவறான முனையிலிருந்து தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். ஓடும் படகிலிருந்து சால்மன் பிடிக்கும் வேலையில் நிறம் கடைசியாகக் கவனிக்க வேண்டிய சங்கதி. இரை எந்த ஆழத்தில் போகிறது, தண்ணீருக்குள் என்ன வேகத்தில் போகிறது, அந்த வேகத்தில் அது எப்படி அசைகிறது, இந்த மூன்றும் சரிப்பட்ட பிறகுதான் நிறத்துக்கு வேலையே வரும்.

முறையை முதலில் சொல்லிவிடலாம். இதை அங்கே ட்ரோலிங் என்கிறார்கள். நம் கடற்கரைகளில் விசைப்படகுகள் இழுவை மடி போட்டுப் பிடிப்பதோடு இதற்குச் சம்பந்தமில்லை. இங்கே வலையே கிடையாது. படகை மெல்ல ஓட்டிக்கொண்டே, பின்னால் நைலான் நரம்பில் ஒரு மீனையோ மீன்போல் செய்த பொருளையோ இழுத்துச் செல்வதுதான் ட்ரோலிங். பசிபிக் கரையில் இது ஒரு தொழிலாக 1880-களில் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில், பாய்மரப் படகுகளில் தொடங்கியது. பிறகு வடக்கே அலாஸ்கா வரை பரவியது. குறி வைப்பது பெரும்பாலும் இரண்டு வகை மீன்களுக்கு. ஒன்று சினூக்: சால்மன் இனத்திலேயே பெரியது, மூன்று முதல் ஐந்து வயதில் ஆற்றுக்குத் திரும்புவது. இன்னொன்று கோஹோ: அதைவிடச் சிறியது, துடிப்பானது, பெரும்பாலும் மூன்றாம் வயதிலேயே திரும்பிவிடுவது. கோஹோ மேல்நீரிலேயே இரை தேடும். 10, 15 மீட்டருக்குள் கிடைத்துவிடும். சினூக் ஆழத்தை நாடும். விடியலின் மங்கலில் மேலே வந்தாலும், வெயில் ஏற ஏற 30, 40 மீட்டருக்கும் அதற்குக் கீழும், சில இடங்களில் கடல்தரையை ஒட்டியும் போய்விடும். இரண்டுக்குமே ஏறத்தாழ 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ந்த நீர் பிடிக்கும். ஆக, எந்த மீன் வேண்டும் என்று முடிவு செய்த மாத்திரத்தில் ஆழமும் பாதி முடிவாகிவிடுகிறது.

ஆழம் முடிவாகும்போது நிறத்தின் கதியும் சேர்ந்தே முடிவாகிறது. கடல்நீர் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் உள்ளே விடுவதில்லை. சிவப்பொளி முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது; அடுத்து ஆரஞ்சு, மஞ்சள். தெளிந்த ஆழ்கடலில் நீலம் அதிக தூரம் இறங்கும். மிதவை உயிர்கள் மண்டிய கரையோர நீரில் பச்சைதான் கடைசிவரை போகும். கொலம்பியா முகத்துவாரத்துக்கு வெளியே கோடையில் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. அதனால்தான் அங்கே மிதவை உயிர்களும், அவற்றைத் தின்னும் நெத்திலியும் ஹெர்ரிங்கும், அவற்றைத் தின்னும் சால்மனும் கூடுகின்றன. அதே காரணத்தால்தான் அந்த நீர் பச்சையாகவும் கலங்கலாகவும் இருக்கிறது. கடையின் குழல்விளக்கில் கண்ணைப் பறித்த சிவப்பு இரை, அந்த நீரில் 30 மீட்டர் கீழே ஏறக்குறைய ஒரு கறுப்பு உருவம். பக்கத்துப் படகுக்காரர் போட்டிருக்கும் ஆரஞ்சும் அங்கே அதே கறுப்புதான். இருவரும் எந்த நிறம் சிறந்தது என்று வாதிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படியானால் ஒளிரும் இரைகளும் புறஊதா பூச்சுள்ளவையும் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, இங்கே நிறக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒளியைச் சேமித்து வைத்து இருட்டில் உமிழும் பூச்சும், நீல ஒளியை வாங்கி மஞ்சள் பச்சையாகத் திருப்பித்தரும் ஃப்ளோரசன்ட் பூச்சும் ஆழத்தில் உண்மையிலேயே எடுத்துத் தெரிகின்றன. புறஊதா விஷயம் அவ்வளவு சுலபமில்லை. கரையோரக் கலங்கல் நீர் புறஊதாவைச் சீக்கிரமே விழுங்கிவிடும். மேலும், பசிபிக் சால்மன் குஞ்சுகளின் கண்ணில் புறஊதாவை உணரும் கூம்புச் செல்கள், மீன் வளர வளர நீல ஒளியை உணர்பவையாக மாறுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குஞ்சுக்குத் தெரிந்ததெல்லாம் வளர்ந்த மீனுக்கும் அப்படியே தெரியும் என்று கொள்ள முடியாது. ஆகவே இதில் உறுதியாகக் கொள்ளக்கூடியது ஒன்றுதான்: மீன் அந்த ஆழத்தில் பார்ப்பது வெளிச்சம் இருட்டு வேறுபாட்டை. கீழிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளிறிய நீரில் கரும் உருவமும், இருண்ட நீரில் வெண்மையோ ஒளிர்வோ தெரிந்தால் போதும். அதற்கு ஐம்பது நிறம் வேண்டாம். வெள்ளை, பச்சை, கருமை, ஒளிர்வது என நாலைந்து இருந்தாலே அதிகம்.

இரையை வேண்டிய ஆழத்துக்குக் கொண்டுபோவது தனி வித்தை. ஈயக் குண்டு கட்டுவது பழைய வழி; நீரின் எதிர்ப்பில் தானே கீழே பாயும் ‘டைவர்’ எனும் தட்டு இன்னொன்று; ஆழத்துக்கு நம்பகமானது டவுன்ரிக்கர். அது படகின் ஓரத்தில் பொருத்திய ஒரு சிறு உருளை. எஃகுக் கம்பியில் ஐந்து ஆறு கிலோ ஈயக் குண்டு இறங்கும். அந்தக் குண்டுக்கு அருகே ஒரு கவ்வியில் தூண்டில் நரம்பு மாட்டியிருக்கும். மீன் இழுத்தவுடன் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும். உருளையில் எத்தனை மீட்டர் கம்பி இறங்கியது என்று எண் காட்டும். பலர் சறுக்குவது இந்த எண்ணை நம்பித்தான். படகு ஓடும்போது கம்பி செங்குத்தாக நிற்காது, பின்னால் சாயும். 45 டிகிரி சாய்ந்தால் 30 மீட்டர் கம்பி விட்டும் குண்டு இருப்பது சுமார் 21 மீட்டரில். மீன்காட்டும் கருவியில் 30 மீட்டரில் சினூக் கூட்டம் தெரிகிறது. இரையோ ஒன்பது மீட்டர் மேலே அவற்றின் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. கடி விழாதபோது படகில் இருப்பவர் செய்வது பெரும்பாலும் நிறத்தை மாற்றுவதுதான். கம்பியின் சாய்வைப் பார்த்து இன்னும் பத்து மீட்டர் விட்டுப் பார்ப்பவர் குறைவு.

வேகம் இதைவிடவும் ஏமாற்றும். படகின் ஜி.பி.எஸ். காட்டுவது நிலத்தைப் பொறுத்த வேகம். இரைக்குத் தெரிவதோ நீரைப் பொறுத்த வேகம் மட்டுமே. நீரோட்டம் மணிக்கு 1.5 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். ஜி.பி.எஸ். 2.5 என்று காட்டும்படி ஓட்டத்தோடு போனால் இரை நீருக்குள் 1 கடல் மைல் வேகத்தில் செத்ததுபோல் தொங்கும். அதே 2.5-ஐ வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் திரும்பினால் இரை 4 கடல் மைல் வேகத்தில் தலைகால் தெரியாமல் சுழலும். கொலம்பியா முகத்துவாரம் போல ஏற்றவற்றமும் ஆற்றுநீரும் மோதும் இடத்தில் மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் வேறு பக்கமும் ஓடுவதுண்டு. அங்கே மேலே உள்ள கருவியை வைத்துக் கீழே உள்ள இரையின் வேகத்தைச் சொல்லவே முடியாது. அதற்காகத்தான் ஈயக் குண்டோடு சேர்த்து இறக்கும் வேகமானிகள் வந்திருக்கின்றன. ‘தெற்கே போகும்போது மட்டும்தான் கடிக்கிறது’ என்று மீன்பிடிப்பவர்கள் சொல்வது மூடநம்பிக்கை அல்ல. அது வேகத்தைப் பற்றி மீன் கொடுக்கும் சாட்சி. படகு திரும்பும்போது நடப்பதும் அப்படியே. திருப்பத்தின் உட்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும். வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலேறும். உட்பக்கத்தில் கடி விழுந்தால் மீன் மெதுவான அல்லது ஆழமான இரையைக் கேட்கிறது. வெளிப்பக்கத்தில் விழுந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒரு காசு செலவில்லாத சோதனை இது. இரண்டு இரையும் ஒரே நிறமாக இருந்தால் சோதனை இன்னும் சுத்தமாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் போலி இரைத் தேர்வு உண்மையாகத் தொடங்குகிறது, ஏனென்றால் ஒவ்வொரு இரைக்கும் உயிர் வரும் வேகம் ஒன்று உண்டு. தலையைச் சாய்வாக வெட்டி எடுத்த ஹெர்ரிங் மீன் ஒன்றரை, இரண்டு கடல் மைல் வேகத்தில் அழகாக உருளும்; அதற்கு மேல் போனால் சதை கிழியும். வெட்டின் கோணத்தை மாற்றினால் உருளும் விதமும் மாறும்: இறுக்கமாகச் சுழன்றால் கோஹோவுக்கு, அகலமாக, சோம்பலாக உருண்டால் சினூக்குக்கு என்பது அந்தக் கரையின் வழக்கு. மெல்லிய உலோகத்தகட்டில் செய்த ஸ்பூன் இரண்டரைக்கு மேல் போனால்தான் துள்ளும். கோஹோவுக்காக மேல்நீரில் இழுக்கும் மான்மயிர்ப் பூச்சிகள் நான்கு, ஐந்து கடல் மைலிலும் எடுபடும்; படகின் விசிறி கிளப்பும் நுரையையே கோஹோ துரத்தி வருவதுண்டு. ஹூச்சி என்கிற பிளாஸ்டிக் கணவாயின் கதை வேறு. அதற்குச் சொந்தமாக அசைவே கிடையாது. தனியாக இழுத்தால் நேர்கோட்டில் வரும் ஒரு குஞ்சம், அவ்வளவுதான். அதனால்தான் அதற்கு முன்னால் ஃபிளாஷர் கட்டுகிறார்கள். சுமார் 28 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் தகடு வட்டமாகச் சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் உள்ள கணவாயை வெட்டி இழுக்கிறது. ஃபிளாஷர் வெறும் பளபளப்பு விளம்பரம் என்று நினைப்பவர்கள் அதன் பாதி வேலையைத் தவறவிடுகிறார்கள்.

ஃபிளாஷருக்கும் ஹூச்சிக்கும் இடையிலுள்ள நரம்பின் நீளம் இந்தத் தொழிலில் அதிகம் கவனிக்கப்படாத, அதிகம் கவனிக்க வேண்டிய அளவு. சாட்டையின் பிடி அசைந்தால் நுனி துடிப்பதுபோல, ஃபிளாஷரின் சுழற்சி நரம்பு வழியாகத்தான் கணவாய்க்குப் போய்ச் சேர்கிறது. நரம்பு 60 முதல் 90 சென்டிமீட்டராகவும், தடித்து விறைப்பாகவும் இருந்தால் கணவாய் வெடுக்வெடுக்கென்று துள்ளும். அதையே ஒன்றரை மீட்டராக்கினால் துடிப்பு நரம்பிலேயே அடங்கிப்போகும். தானே அசையத் தெரிந்த ஸ்பூனுக்கும் ஹெர்ரிங்குக்கும் நேர்மாறு: அவற்றுக்கு நீண்ட நரம்பு விட்டு, ஃபிளாஷரின் இழுப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வேகம் குறைவாக வைக்க வேண்டிய நாளில் ஃபிளாஷர் சுழலாது. அப்போது பக்கவாட்டில் மட்டும் ஆடும் டாட்ஜர் பொருந்தும். ஒரே நிறக் கணவாயை வைத்துக்கொண்டு நரம்பை ஒரு சாண் கூட்டிக் குறைப்பதாலேயே வேறு வேறு இரைகளை உண்டாக்கலாம். கடைக்காரருக்கு இதில் வருமானம் இல்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கேம்ப்பெல் ரிவர் ஊரில் 1924-இல் தொடங்கிய டைஈ கிளப் இதற்கு ஒரு நல்ல சாட்சி. அங்கே உறுப்பினராக வேண்டுமானால், 30 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள சினூக்கை அவர்கள் விதிப்படி பிடித்தாக வேண்டும். விதிகள் கடுமையானவை: இயந்திரம் கூடாது, துடுப்புப் படகுதான், உண்மையான இரை கூடாது, போலி இரைதான், முள்ளில் கொக்கிப்பல் கூடாது, நரம்பின் தாங்குதிறன் 20 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆற்றோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவர் தூண்டில் கம்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார். நுனி சீராக அடித்துக்கொண்டிருக்கும்வரை இரை உயிரோடு நீந்துகிறது என்று பொருள். அடி தளர்ந்தால் துடுப்பை அழுத்துவார், படபடத்தால் விடுவார். உண்மையான இரையும் இயந்திரமும் விலக்கப்பட்ட அந்தப் போட்டியில் மீனைக் கொண்டுவருவது, துடுப்புக்காரரின் கையில் இருக்கும் வேகம். ஆற்றுமுகத்துக்கு வந்துவிட்ட சால்மன் பசிக்காகக் கடிப்பதில்லை, சினத்தில் கடிக்கிறது, அதைக் கடலுக்கு எப்படிப் பொருத்துவது என்று ஒரு மறுப்பு உண்டு. அது என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. பசியில்லாத மீனையே அசைவு கடிக்கவைக்கும் என்றால், கடலில் வயிறு நிரப்ப அலையும் மீனுக்கு அது இன்னும் பொருந்தும்.

வலுவான மறுப்பு இன்னொன்று: அனுபவம். இருபது முப்பது ஆண்டு கடலில் இருந்தவர்கள் குறிப்பிட்ட நிறத்தின் பெயரைச் சொல்லி சத்தியம் செய்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. கணக்குதான் அவர்களை ஏமாற்றுகிறது. எல்லா வகையிலும் சமமான இரண்டு இரைகளை இரண்டு தூண்டிலில் போட்டு, ஒரு நாளில் ஐந்து மீன் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் நான்கோ ஐந்தோ விழுந்து மற்றதில் ஒன்றோ பூஜ்யமோ விழும் வாய்ப்பு 32-இல் 12. அதாவது எட்டு நாளில் மூன்று நாள், வித்தியாசமே இல்லாத இரண்டு இரைகளில் ஒன்று ‘அடிக்கிற இரை’ ஆகிவிடும். அதோடு நிற்பதில்லை. காலையில் பச்சைக்கு இரண்டு விழுந்ததும் எல்லாத் தூண்டிலிலும் பச்சையைப் போட்டுவிடுவார்கள். பிறகு அன்று முழுதும் விழுந்ததெல்லாம் பச்சைக்கு விழுந்ததாகவே கணக்கு ஏறும். வேறெதுவும் தண்ணீரில் இல்லையே!

அலாஸ்காவின் தொழில்முறைப் படகுகளும் பலநிற இரைகளை வைத்திருக்கின்றனவே என்றால், ஆம், வைத்திருக்கின்றன. ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். பொதுவாக நான்கு எஃகுக் கம்பிகள். ஒவ்வொன்றிலும் சில மீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காகக் கிளைநரம்புகள். ஒரே நேரத்தில் பல ஆழங்களில் பல இரைகள் ஓடுவதால், எந்த அடுக்கில் மீன் விழுகிறது என்பதே அவர்களுக்கு முதலில் தெரியவரும் செய்தி. ஆழமும் வேகமும் கைக்கு வந்தவர்கள் நிறத்தைச் செதுக்குவதில் குறையில்லை. இரண்டு தூண்டிலோடு சனிக்கிழமை கடலுக்குப் போகிறவர் அவர்களுடைய கடைசிப் படியைத் தம் முதல் படியாக எடுத்துக்கொள்வதுதான் பிசகு.

நிறத்துக்கு முன்னால் உருவளவையும் வைப்பேன். சால்மன் அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடைப்பதையே தின்கிறது. கலிபோர்னியாவில் சில ஆண்டுகளாகச் சினூக் மீன்கள் பெரும்பாலும் நெத்திலியையே தின்றதால், 2020-இல் பொரிப்பகக் குஞ்சுகளுக்குத் தயாமின் சத்துக் குறைபாடு தெரியவந்தது. நெத்திலியில் உள்ள ஒரு நொதி அந்தச் சத்தைச் சிதைக்கிறது. ஒரே இரையில் அப்படி ஊன்றித் தின்னும் மீனுக்கு முன்னால் அதைவிட இரண்டு பங்கு நீளமான ஸ்பூனை இழுத்து என்ன பயன்? பிடித்த முதல் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். வாசனை பற்றியும் ஒரு வார்த்தை. சால்மனின் மோப்பம் கூர்மையானது. ஆற்றுத் தடுப்பைத் தாண்ட மீன்களுக்காகக் கட்டிய ‘மீன் ஏணி’யில் ஏறிக்கொண்டிருந்த சால்மன்கள், மேலே மனிதக் கை நனைத்த நீர் கலந்ததும் தயங்கி நின்றதைக் கனடிய ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மனிதத் தோலில் உள்ள செரின் என்கிற அமினோ அமிலமே காரணம் என்று 1956-இல் வெளியிட்டார்கள். அதனால் கையைக் கழுவிவிட்டு இரையைத் தொடுவது நல்ல பழக்கம். குப்பியில் விற்கும் வாசனைத் தைலங்கள் எல்லாம் மீனை இழுக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

இதெல்லாம் மீன் அதிகம் பிடிப்பதற்கான தந்திரம் மட்டும் அல்ல. வாஷிங்டன், ஒரிகன் கரையில் பல பருவங்களில், முதுகுப்புறம் வாலுக்கு முன்னால் உள்ள சிறு கொழுப்புத் துடுப்பு நறுக்கப்பட்ட பொரிப்பகக் கோஹோவைத்தான் வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருந்தால் அது இயற்கை மீன், விட்டுவிட வேண்டும். அதற்காகவே கொக்கிப்பல் இல்லாத முள் கட்டாயம். செவுளிலோ குடலிலோ முள் ஏறிய மீன் விட்டபின் பிழைப்பது அரிது. உதட்டில் ஏறியது பெரும்பாலும் பிழைக்கும். நின்ற படகில் இரையைத் தொங்கவிட்டால் மீன் விழுங்கிவிடுவது அதிகம் என்பதால்தான், கலிபோர்னியாவில் அப்படிப் பிடிப்பவர்களுக்கு வட்ட முள் விதித்திருக்கிறார்கள். சினூக் மட்டும் வேண்டும் என்கிறபோது 30 மீட்டருக்குக் கீழே பெரிய இரையை மெதுவாக இழுப்பவர், விடவேண்டிய கோஹோவை மேலேயே தவிர்த்துவிடுகிறார். கலிபோர்னியாவில் 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் கடல் சால்மன் பருவம் முழுதாகவே மூடப்பட்டது. அப்படிக் குறைந்துவரும் மீனில், வேண்டாத ஒன்றை முள்ளில் ஏற்றாமல் இருப்பதற்கு ஆழத்தைப் போல் உதவுவது வேறில்லை. நிறத்தால் அதைச் செய்ய முடியாது.

தமிழர்களில் பலருக்கு இந்த வித்தை நெருங்கிக் கிடைப்பது பசிபிக்கில் அல்ல, டொரான்டோவை ஒட்டிய ஒன்ராறியோ ஏரியில். 1966-இல் மிச்சிகன் மாநிலம் தன் ஆறுகளில் கோஹோ குஞ்சுகளை விட்டதிலிருந்து பேரேரிகளில் சால்மன் பெருகியது. ஒன்ராறியோ ஏரியிலும் இன்று சினூக் உண்டு, அதே டவுன்ரிக்கரும் அதே ஃபிளாஷரும் அங்கேயும் ஓடுகின்றன. ஸ்கார்பரோவின் ப்ளஃபர்ஸ் பார்க்கிலிருந்தும் மிசிசாகாவின் போர்ட் கிரெடிட்டிலிருந்தும் கோடையில் வாடகைப் படகுகள் கிளம்பும். ஏற நினைப்பவர்கள் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். படகோட்டியிடம் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது, இரை தண்ணீருக்குள் என்ன வேகத்தில் போகிறது என்று முதலில் கேளுங்கள். நிறத்தை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.